விடைத்தாளில் போட்ட பிள்ளையார் சுழி

தேர்வு தொடங்கி வெகு நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். பத்தாம் பக்கம் முடிந்திருந்தது. கேள்வி எண்ணைச் சரிபார்க்க விடைத்தாளை முதல் பக்கத்துக்குப் புரட்டினேன். உச்சியில் நடுவாக, நெல்மணி அளவில் ஒரு பிள்ளையார் சுழி. போட்டது என் கை. முப்பது வருடத்துக்கு மேலாக எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் அதைப் போட்டுப் பழகிய கை.

நான் அருப்புக்கோட்டையில் பத்திர எழுத்தர். படிப்பு பத்தாவது. இப்போது பத்திரமெல்லாம் கம்ப்யூட்டரில் டைப் ஆகிறது என்றாலும் டிராஃப்ட்டை நான் கையால்தான் எழுதுவேன். எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும் என்று நாலு பேர் சொல்லுவார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் மல்லாங்கிணற்றிலிருந்து முத்துச்செல்வி வந்தார். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பிறவியிலேயே கண் தெரியாது. தபால் வழியில் எம்.ஏ. தத்துவம் படிக்கிறார். தேர்வில் அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி.

"அந்தத் தகுதி எனக்கு நெறையவே இருக்கு தாயி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கிரேக்கத் தத்துவம் ஒரு பேப்பர்தான் அண்ணாச்சி நிக்குது. ரெண்டு தடவ போச்சு. எழுத வந்த பிள்ளைக நான் சொன்னத விட்டுட்டு அதுகளுக்குத் தெரிஞ்சத எழுதிருச்சுக. படிப்புக்குக் குடுத்த வருசம் இத்தோட முடியுது. இதுலயும் விட்டா, பாஸான பேப்பரெல்லாம் சேந்து வீணாப் போயிரும்."

என் கடையிலேயே ஒருநாள் எழுதிப் பார்த்தோம். சாக்ரடீஸ் என்பவர் விஷம் குடித்த கதையைச் சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டினேன். 'மேற்படி சாக்ரடீஸ் அவர்கள் பிறர் தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழுச் சம்மதத்துடன் விஷம் அருந்தினார்.'

முத்துச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தார். "வெசத்துக்குக் கிரயப் பத்திரம் போட்டுட்டீகளே! ஊரே சேந்துல்ல குடிக்க வச்சுச்சு."

பத்திரம் போட வரும் பார்ட்டி சொல்வதைச் செம்மையாக்கி எழுதுவதுதான் என் தொழில். அதையே இங்கும் செய்துவிட்டேன்.

"அந்த மனுசன் ஒரு வரி எழுதல அண்ணாச்சி. அவரு பேசுனத அவரு சிஷ்யர்தான் எழுதி வச்சாரு. எது குரு சொன்னது, எது சிஷ்யர் சேத்ததுன்னு இன்னைக்கும் சண்டை ஓயல. நீங்களும் அப்படிப் பண்ணீராதீக."

"அப்படி என்ன பெருசாச் சொல்லிட்டாரு?"

"சொல்றத விடக் கேக்குறதுதான் சாஸ்தி. பட்டாளத்துக்காரன்கிட்டப் போயி, தைரியம்னா என்னன்னு கேப்பாரு. அவன் நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள, தனக்கே தெரியலன்னு முழிப்பான்."

"நம்மூருன்னா அடி விழும்."

"அங்கயும் சும்மா விடலயே. ஊர்ச் சாமிய மதிக்கலன்னு கேஸு."

அது எனக்குச் சங்கடமாக இருந்தது. பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். முகத்தைப் பார்க்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆனா அவருக்குள்ள ஒரு தெய்வக் குரல் கேக்குமாம் அண்ணாச்சி. தப்பான காரியத்துல எறங்கும்போது வேண்டாம்னு மட்டும் சொல்லுமாம்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெரியவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது.

தேர்வு நாளில் கல்லூரியில் எங்களுக்குத் தனி அறை. நான், முத்துச்செல்வி, ஜன்னல் ஓரம் கண்காணிப்பாளர். சமயக் குறியோ வேறு அடையாளமோ இட்டால் விடைத்தாள் செல்லாது என்று அதன் அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. காலையில் அதை அவருக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி, சுழி போட்டிருக்கிறேன்.

கோடு இழுத்து அடித்தால் அதுவும் அடையாளம். கண்காணிப்பாளர் இன்னும் பார்க்கவில்லை. முத்துச்செல்வியால் பார்க்க முடியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். இவ்வளவு சிறிய குறியைத் திருத்துகிறவர் கவனிக்காமலும் போகலாம். வாயை மூடிக்கொண்டு எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. 'பிள்ளையாரப்பா, நீயே மறைச்சு விட்ரு' என்று வேண்டக்கூடச் செய்தேன். வேண்டியது வாய்க்குள் இருக்கும்போதே, வேண்டாம் என்று உள்ளே ஒன்று சொன்னது.

"அண்ணாச்சி, ஏன் பேனா நிக்குது?" என்றார். பேனாச் சத்தம் அவருக்குக் கேட்கும்.

சொன்னேன்.

"எம்புட்டுப் பெருசு?"

"நெல்லு மணி அளவு."

அவரே எழுந்து நின்றார். "சார், எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துபோச்சு."

கண்காணிப்பாளர் வந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பிடி பிடித்தார். "ஏங்க, இத பத்திர ஆபீஸுன்னு நெனச்சீகளா? இந்தம்மா படிப்புல மண்ணள்ளிப் போடவா வந்தீக?" நான் தலை குனிந்து நின்றேன். தலைமைக் கண்காணிப்பாளரை அழைத்துவந்தார்கள். நாங்களாகவே சொன்னதால் ஒரு வழி விட்டார். பழைய விடைத்தாள் ரத்து. புதுத் தாளில் அவர் கண்ணெதிரே அப்படியே பார்த்து எழுத வேண்டும். மேற்கொண்டு ஒரு நிமிடமும் கிடையாது.

பத்துப் பக்கம். எழுத்தின் அழகை விட்டேன், வேகத்தைப் பிடித்தேன். கட்டைவிரல் மரத்துப்போனது. முடித்தபோது கால் மணி நேரம்தான் மிச்சம். பெரிய கேள்வி பாக்கி: கிரேக்கத் தத்துவம் பிற்காலச் சிந்தனையையும் பண்பாட்டையும் எவ்வாறு பாதித்தது? ஆறு பக்கத்துக்குத் தயார் செய்திருந்த முத்துச்செல்வி, ஒரு பக்கமாகச் சுருக்கிச் சொன்னார்.

'கிரேக்கர் விட்டுச் சென்ற சொத்துகளில் பெரியது கேள்வி கேட்கும் முறை. அரபு நாட்டினர் அவர்கள் நூல்களை மொழிபெயர்த்துக் காத்தனர். அவர்களிடமிருந்து ஐரோப்பா அவற்றில் பலவற்றைத் திரும்பப் பெற்றது. நம் நாட்டுக்கு வந்த யுனானி மருத்துவத்தின் வேரும் கிரேக்கமே. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்காமல், ஏன் என்று கேட்கிற எவரும் கிரேக்கரின் வாரிசு.'

வாரிசு என்பது அவர் சொன்ன சொல். நான் சேர்க்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று போன் செய்தார். "பார்டர்ல பாஸ் அண்ணாச்சி! பிள்ளையார் காப்பாத்திட்டாரு."

"மாட்டி விட்டதும் அவருதான தாயி" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்திரம் எழுதும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நான் டிராஃப்ட்டை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "சரிதான?" என்பேன். பார்ட்டியும் தலையாட்டுவார். இப்போது முதலில் கேட்கிறேன்.

போன மாதம் பரளச்சியிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். மானாவாரிக் காட்டை மகனுக்கு எழுதிவைக்க வேண்டும். மகன் சொன்னபடி செட்டில்மென்ட் டிராஃப்ட் தயாராக இருந்தது. பதிவு செய்த அன்றே காடு மகனுக்குப் போய்விடும்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க சொல்லுங்கம்மா" என்றேன்.

"அதெல்லாம் அவுகளுக்குத் தெரியும். நீங்க ஆகுற வேலையப் பாருங்க" என்றான் மகன்.

"ஒன்னயக் கேக்கலப்பா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "எங் காலத்துக்குப் பெறகு காடு இவனுக்கு. அதுவரைக்கும் எம் பேர்லதானய்யா இருக்கும்?"

இப்படி எத்தனை பேரிடம் கேட்காமல் எழுதிக் கொடுத்தேனோ, தெரியாது. டிராஃப்ட்டைக் கிழித்தேன். புதுத் தாள் எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டேன்.

"நீங்க சொல்லுங்கம்மா, எழுதுறேன்."