மோதிரத்தோடு உள்ளே விடமாட்டார்கள்

2010 வாக்கில், என் நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் காலை, சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி கேட்டில் மாட்டிக்கொண்டேன். காரணம், விரலில் இருந்த வைர மோதிரம். போன் தயாரிக்கும் லைனுக்குள் நகை எதுவும் போகக்கூடாது. சூப்பர்வைசரான எனக்கு அது தெரியாதா? ஆனால் முந்தின நாள் சென்னையின் பெரிய கிளப் ஒன்றில், அத்தனை தொழிலதிபர்கள் முன்னால், மாப்பிள்ளையின் அம்மா "இத கழட்டவே கூடாதும்மா" என்று அழுத்தி மாட்டிவிட்டார். அளவு சின்னது. வெளியே வருவேனா என்றது.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்று மாப்பிள்ளையிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டியிருந்தார்.

"இன்னா மேடம், நீங்களே இப்டி வந்தா? உள்ள வுட்டா என் வேல காலி," என்றார் செக்யூரிட்டி அக்கா.

சோப்பு போட்டோம், நடக்கவில்லை. என் லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிப் பெண், டிபன் பாக்ஸ் ஊறுகாயிலிருந்து எண்ணெயை வழித்துத் தடவினாள். விரல்தான் எரிந்தது.

"இப்பிடி மாட்டிக்கிட்டியளேக்கா," என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் செக்யூரிட்டி அக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவள் நூல் சுற்றி இழுக்க, மோதிரம் சடக்கென்று கழன்று மேசைக்கடியில் உருண்டது. மூவரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தக் குஷியிலேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

"கழட்டிட்டியா? அம்மா வருத்தப்படுவாங்க. சரி விடு, இந்த மாசத்தோட வேலைய விடப்போறதானே."

"யார் சொன்னது?"

"உங்கப்பாதான். தட்டு மாத்தறப்பவே பேசி முடிச்சாச்சே."

தேங்காய் பழத்தோடு என் வேலையையும் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பட்டுப்புடவையில் ஈயென்று இளித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு வெறும் விரலைப் பார்த்தேன். ஊறுகாய் வாசனை அடித்தது. மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் நிச்சயதார்த்த மேடையில்கூட இல்லை.

"மோதிரத்த லாக்கர்ல வெச்சிடட்டா மேடம்? சாய்ந்தரம் வாங்கிக்கினு போங்க," என்றார் செக்யூரிட்டி அக்கா.

"வேணாங்க்கா. வெளிய எங்க வீட்டுக் கார் நிக்குது. டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்துடுங்க."

"யார்கிட்ட குடுக்க சொல்லணும்?"

"எங்கப்பாகிட்ட. பேசி முடிச்சது அவருதானே."

ஷிஃப்ட் மணி அடித்தது. திருநெல்வேலிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு லைனுக்கு ஓடினேன்.