எருதுகள் சொன்ன சாட்சி

நீங்கள் ஒரு மொழியில் கேட்க, எதிரே இருப்பவன் வேண்டுமென்றே வேறு மொழியில் பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கு உண்டா? திருப்பதியில் எனக்கு அது தினமும் நடக்கிறது. ரயிலடிக்கு எதிரே இருக்கும் காபி ஓட்டலில் நான் தெலுங்கில் காபி கேட்டால், முதலாளி தமிழில் "சக்கரை தூக்கலா போடட்டா?" என்கிறார். சரி, நம்மாள் போலிருக்கிறது என்று மறுநாள் தமிழில் கேட்டால், தெலுங்கில் உட்காரச் சொல்கிறார். இந்த மனுஷன் எதையோ சோதிக்கிறார். என் தெலுங்கில் தமிழ் எங்கே இடிக்கிறது என்று பார்க்கிறாரா, எல்லை எந்தப் பக்கம் விழுந்தாலும் கடை ஓட வேண்டும் என்று பழகிக்கொள்கிறாரா, கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அவரைச் சந்தேகப்படுகிறேன், அவர் என்னைச் சந்தேகப்படுகிறார். காபி மட்டும் நன்றாக இருக்கிறது.

சிலோனுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் கப்பல் ஏறினார்கள். நான் ஏறியது நகரியில் பாசஞ்சர் வண்டி, ரேணிகுண்டாவில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். வெளியூர் வந்திருக்கிறேன் என்று சொன்னாலே சிரிப்பார்கள், வெளிநாடு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் நான் வந்தபோது இது மெட்ராஸ் மாகாணம். பி.ஏ. முடித்த கையோடு ஒரு வக்கீல் ஆபீசில் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தேன். நாற்காலி ஓர் அங்குலம் நகரவில்லை, நான் இருந்த இடம் ஆந்திர ராஜ்யம் ஆகிவிட்டது. எங்கள் ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்த்து எல்லையைப் போடுவார்கள் என்று பேச்சு. அதனால் சனிக்கிழமை ஊருக்கு வண்டி ஏறும்போது, நான் வீட்டுக்குப் போகிறேனா வேறு ராஜ்யத்துக்குப் போகிறேனா என்று டிக்கெட் கொடுப்பவருக்கும் தெரியாது.

என் விரல் வேகம் இந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. எல்லைச் சண்டை வந்ததும் அந்த வேகத்துக்குக் கிராக்கி ஏறிவிட்டது. வக்கீல் ஆந்திரப் பக்கத்து ஆள். "எங்கள் கிராமம் தொன்றுதொட்டுத் தெலுங்குக் கிராமம், எங்களைப் பிரிக்க வேண்டாம்" என்று ஊர் ஊராக மனு போடச் சொல்வார். இங்கிலீஷில் தட்டுவேன். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனால், அத்தை மகன் முனுசாமி என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தான். எங்கள் ஊரில் தமிழ்க் கட்சிக்கு அவன்தான் முன்னால் நிற்பவன். "எங்கள் கிராமம் தொன்றுதொட்டுத் தமிழ்க் கிராமம்" என்று ஆரம்பித்தது. நான் சிரித்துவிட்டேன்.

"இன்னா மச்சான் இளிக்கிற?" என்றான்.

"பாஷைப் பேர மட்டும் மாத்தினா போதும்டா, மீதியெல்லாம் எங்கிட்ட ஏற்கெனவே அடிச்சு கீது."

அவன் சிரிக்கவில்லை. "அப்ப அவங்களுக்கும் நீதான் அடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டான். அன்றைக்கு அவன் கண்ணில் விழுந்த சந்தேகம் இன்றுவரை போகவில்லை.

பிறகு கவனித்தேன், இரண்டு மனுவிலும் அதே கைநாட்டுகள். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்து கேட்டவனை இல்லை என்று அனுப்ப மாட்டார்கள். காலையில் வந்தவனுக்கும் மோர் கொடுத்துக் கட்டைவிரலை நீட்டுவார்கள், சாயங்காலம் வந்தவனுக்கும் அப்படியே. பேப்பரில் பார்க்கிறேன்: வல்லரசு இரண்டும் சின்ன நாடுகளைத் தங்கள் பக்கம் இழுக்க, ஒருத்தன் கோதுமை அனுப்பினால் மற்றவன் இரும்பாலை கட்டித் தருகிறேன் என்கிறான். எங்கள் ஊருக்கு ஒரு கட்சி சிலேட்டு அனுப்பியது, மற்றது வேட்டி அனுப்பியது. சின்ன நாடுகளும் இரண்டு பக்கமும் மோர் கொடுத்துக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் மொழி பார்க்க ஓர் ஆபீசர் வருகிறார் என்று செய்தி வந்தது. வடக்கத்திக்காரர், யார் பக்கமும் சேராதவர் என்றார்கள். அதையும் நான் நம்பவில்லை. முந்தின நாள் நைனா, என் அப்பா, என்னைக் கேட்டார்.

"டேய், அவுரு வந்து இன்னா பேசுவேன்னு கேட்டா இன்னா சொல்றது? ஊட்ல தமிழு, சந்தையில தெலுங்கு. ரெண்டுந்தானே பேசிக்கினு கீறோம்."

நியாயமான கேள்வி. வீட்டில் தமிழ் என்றால் தமிழ்தானே என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் வக்கீல் எனக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஊர் அந்தப் பக்கம் போனால் நான் இங்கே வேற்று ராஜ்யத்துக்காரன், வேலை கைக்கு வராது. ஊர் இந்தப் பக்கமே இருக்கட்டும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதனால், "நீ வாயே தொறக்காத நைனா, யார் கேட்டாலும் சும்மா இரு" என்றேன்.

நைனா என் சொல்லைத் தட்டாதவர். மறுநாள் ஜீப் எங்கள் வயலோரம் நின்றது. ஆபீசர், அவருக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள், பின்னால் முனுசாமியோடு பாதி ஊர், எதிர்ப்பக்கம் வக்கீலின் ஆட்கள் நாலு பேர். மொழிபெயர்ப்பவர் தமிழில் கேட்டார், தெலுங்கில் கேட்டார். நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முனுசாமி தாங்க முடியாமல், "சொல்லு மாமா, இன்னா வெக்கம்" என்றான். நைனா என்னைப் பார்த்தார். நான் வரப்பைப் பார்த்தேன். அவர் மெல்ல நகர்ந்து போய் ஏரைப் பிடித்து, எருதுகளைத் தட்டி, "பத, பத" என்றார். சால் முடிந்து திரும்பும் இடத்தில் "ஆகு" என்றார். இரண்டும் தெலுங்கு. ஒன்று நடக்கச் சொல்வது, மற்றது நிற்கச் சொல்வது.

எங்கள் பக்கத்தார் எல்லோருக்கும் இதன் காரணம் தெரியும். வாங்கிய மாட்டை, அது பழகிய மொழியிலேயே ஓட்டுவோம். போளூர்ச் சந்தை மாட்டுக்குத் தமிழ், காளஹஸ்திப் பக்கத்து மாட்டுக்குத் தெலுங்கு, குப்பம் பக்கம் போய் வாங்கி வந்தவன் கன்னடத்தில் அதட்டுவான். மாட்டுக்குப் புதுப் பாஷை கற்றுக்கொடுத்து ஒரு மழையை வீணாக்க யாருக்கும் நேரமில்லை. எங்கள் எருதுகள் காளஹஸ்திப் பக்கம் வாங்கியவை. ஆனால் ஆபீசருக்கு இது எப்படித் தெரியும்? அவர் தலையாட்டி நோட்டில் ஏதோ எழுதினார். கேட்டால் சொல்லாதவன், தன் வேலையில் இருக்கும்போது பேசுவதுதான் அவன் சொந்த மொழி என்று மொழிபெயர்ப்பவரிடம் இங்கிலீஷில் சொன்னார். அந்தக் கூட்டத்தில் அது புரிந்த ஊர்க்காரன் நான் ஒருவன். "சார், அது மாட்டுக்கான மொழி" என்று சொல்ல நாலு வார்த்தை இங்கிலீஷ் போதும். நான் சொல்லவில்லை. ஜீப் போய்விட்டது.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்தால் வக்கீல் எழுந்து வந்து முதுகில் தட்டினார். "ஏமய்யா, மனு நூறு போட்டாலும் இது வராது. அப்பாவுக்கு நல்லாக் கத்துக்கொடுத்திருக்கே" என்று தெலுங்கில் சொன்னார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அது பழக்கம் என்றேன். கண்ணைச் சிமிட்டினார். ஊரிலும் இதே கதைதான், சிமிட்டல் மட்டும் இல்லை. அடுத்த சனிக்கிழமை முனுசாமி ரயிலடியிலேயே மறித்தான்.

"எவ்ளோ நாளா ஒத்திகை பாத்தீங்க, அப்பனும் மவனும்?"

"மாட்டுக்குத் தெலுங்குதான்னு உனக்குத் தெரியாதா முனுசாமி?"

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அப்ப ஏன் வாய மூடிக்கினு நின்ன?"

இந்தக் காலத்தில் எதுவும் தானாக நடக்கும் என்று யாரும் நம்புவதில்லை, நானே நம்புவதில்லை. காபி ஓட்டல்காரர் சர்க்கரை கேட்டதற்கே நான் இரண்டு அர்த்தம் பார்க்கிறவன். அவன் கேட்டது மட்டும் சரியான கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறேன், அதுவும் ஊருக்கு வருகிற பத்திரிகையாகப் பார்த்து. நைனா யாருக்காகவும் நடிக்கவில்லை. வாயைத் திறக்காதே என்றவன் நான், திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டவனும் நான். குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது, என் மேசை டிராயரில் இருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை.

எங்கள் தெருவில் நாலு வீட்டு ஏரும் சேர்ந்து, ஒரு நாளைக்கு ஒருவர் வயல் என்று முறை வைத்து உழுவது வழக்கம். இந்த வருஷம் எங்கள் முறைக்கு மற்ற மூன்று ஏரும் வரவில்லை. நைனா யாரிடமும் போய்க் கேட்கவில்லை. தனியாக ஏர் பூட்டி, தெருவில் போகிறவர் காதில் விழும்படி, எருதுகளிடம் தமிழில் பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"போ" என்றால் அவை நிற்கின்றன. "நில்லு" என்றாலும் நிற்கின்றன.

மழை பெய்து நாலு நாள் ஆகிறது, ஈரம் காய்கிறது. எங்கள் வயலில் பாதிதான் உழுதிருக்கிறது.