நஸீஹா இந்தியரான வரலாறு

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பிறந்து, நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் சீனி முகம்மதுவின் மூத்த மகளாக வளர்ந்து, புள்ளியியலில் முதுகலை முடித்த நஸீஹா, ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் ஏழு வருடமாகக் காண்ட்ராக்ட் விரிவுரையாளர். வீட்டில் தமிழ், கடையில் மலாய், வகுப்பில் ஆங்கிலம். அவள் என்ன இனம் என்பதை மட்டும் கல்லூரி தன் தேவைக்கேற்ப முடிவு செய்துகொள்ளும்.

அங்கே ஆண்டுதோறும் சமத்துவ வாரம் நடக்கும். சமத்துவம் என்றால் ஒரு போஸ்டர். அதில் ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு இந்தியர், மூவரும் பல் தெரியச் சிரிக்க வேண்டும். தலையில் துடோங் முக்காடு போட்ட நஸீஹாவைப் போன இரண்டு தடவையும் மலாய்க்காரியாக நிறுத்திக் காரியத்தை முடித்தார்கள். இந்த வருடம், வழக்கமாக இந்தியராக நிற்கும் லோகேஸ்வரி பிரசவத்துக்குப் போய்விட்டாள். சமத்துவ வாரக் குழுச் செயலாளர் பழனியப்பன் நஸீஹாவின் மேசைக்கு வந்தார். நிரந்தர வேலைக்கு முதல்வரிடம் யாரைச் சிபாரிசு செய்வது என்பதும் அவர் கையில்தான் இருந்தது. அதை அவரும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை.

“நாளைக்குச் சேல கட்டிட்டு வந்துரு. முக்காட்ட மட்டும் ஒரு பத்து நிமிஷம்...”

“முக்காடு என் தலையோடதான் வரும் அண்ணே. ஏன், நீங்களே நிக்கலாமே?”

“ஏற்கனவே ரெண்டு ஆம்பள லா. நீ நின்னா இந்தியருக்கு இந்தியரும் ஆச்சு, பொம்பளைக்குப் பொம்பளையும் ஆச்சு.”

ஒரே ஆளில் இரண்டு சமத்துவம். சிக்கனத்துக்குப் பேர்போன நிர்வாகம் அது.

மறுநாள் நஸீஹா வழக்கமான துடோங்கோடு வந்து, கணக்கியல் ஃபிக்ரிக்கும் கணினித்துறை லிம்முக்கும் நடுவில் நின்றாள். கேமராக்காரர் ஹைருல், இந்தியர் எங்கே என்று மலாயில் விசாரித்தார். நஸீஹா கையைத் தூக்கினாள்.

“பாத்தா தெரியலையே லா,” என்றார் பழனியப்பன்.

“தெரிய வைக்கத்தானே அண்ணே இந்த வாரமே. கீழ பேர் போடுவீங்கல்ல? நஸீஹா, புள்ளியியல், ஏழு வருஷமா காண்ட்ராக்ட். அப்படியே போடுங்க.”

ஃபிக்ரிக்குத் தமிழ் தெரியாது. காண்ட்ராக்ட் என்ற சொல் மட்டும் நன்றாகவே புரிந்தது. நெஞ்சைத் தொட்டு, தானும் அதுதான் என்று மலாயில் சொன்னான். லிம்மும் ஆமென்று தலையாட்டினான். ஆக, மூன்று இனத்துக்கும் கல்லூரி பாரபட்சம் பார்க்காமல் ஒரே நியாயம் வழங்கியிருந்தது.

பழனியப்பன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “இப்படிப் பேசினா உன் பேர மேல அனுப்ப மாட்டேன்.”

“அனுப்ப வேணாம் அண்ணே. முதல்வர் ரூம் நாலாவது மாடிதானே. நானே போய்க் கேட்டுக்கிறேன்.”

அவள் லிஃப்டை நோக்கி நடந்தாள். ஃபிக்ரியும் லிம்மும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு அவள் பின்னால் நடந்தார்கள். மூவரையும் சேர்த்து ஒரு படம் எடுப்பதுதான் ஹைருலுக்குக் கொடுத்த வேலை. அவர் கடமை தவறாதவர். மூன்று முதுகுகளையும் தெளிவாக எடுத்தார்.