வாயு லிங்கத்தருகே சொன்ன வேடிக்கை

வாயு என்று சொன்னேன். அது வாயு இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன்.

இந்த இரண்டு வரிகளை எழுதினால் நெஞ்சு இளகும் என்று நினைத்திருந்தேன்... ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றுகிறது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. நீங்கள் மேலே படியுங்கள்.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன் ஏழுமலை, கீழ்பென்னாத்தூர்க்காரன், என் நண்பன். இருவருமே குண்டு. சாதாரண குண்டு இல்லை. எங்கள் இருவரையும் சேர்த்து ஏற்றிக்கொள்ள ஷேர் ஆட்டோக்காரர்கள் யோசிப்பார்கள். அலுவலகத்தில் எங்களுக்கு ஜோடி மாடு என்று பெயர். ஏழுமலை அதைக் கேட்டுச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு அது சுருக்கென்று தைக்கும்.

அவன் கடைக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம். மண்டபத்துக்காரரின் மகள் திவ்யா, சென்னையில் டென்னிஸ் கற்றுத் திரும்பி வந்த பெண். மண்டபத்தை ஒட்டிய காலி இடத்தில் ஆடுகளம் போட்டு, வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். மாலையில் கடை வாசலில் டீ குடிக்கும்போது மதிலுக்கு அப்பால் பந்து அடிபடும் சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தத்தின்மேல் ஓர் ஆசை வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டு, இந்தத் தொப்பையை எங்கேயோ தொலைத்துவிட்டு, நானும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்று... என்ன அசட்டு ஆசை!

ஆசை என்னுடையது. ஏழுமலை துணைக்கு வந்தான். அவ்வளவுதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திவ்யா எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காகவே அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"சார், இந்த உடம்போட ஓடினீங்கன்னா முட்டி போயிடும். மொதல்ல மலையை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நடுவுல உக்காரக் கூடாது. அப்புறம் டென்னிஸ் பேட் கையில தரேன்."

வேறு ஊராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது. எங்கள் ஊரில் அண்ணாமலையார் மலைதான் எல்லாவற்றுக்கும். பிள்ளை பிறக்கவும் மலை, பரீட்சை தேறவும் மலை, எங்களுக்கு டென்னிஸுக்கும் மலை. சுற்றுப்பாதையில் உள்ள எட்டு லிங்கத்திலும் தான் விழுந்து கும்பிடுவது உட்காருவதில் சேருமா என்று ஏழுமலை கவலையோடு கேட்டான். சாமிக்கு விழறது கணக்குல வராது என்று அவள் தீர்ப்பு சொன்னாள்.

முதல் முறை நான் தோற்றேன். செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கும் ஒரு கடை வாசலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். மலையில் காற்பங்குகூடச் சுற்றியிருக்கவில்லை. ஏழுமலைக்கு இன்னும் தெம்பு இருந்தது. ஆனாலும் அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ இல்லாம நான் மட்டும் பேட் வாங்கி என்னடா பண்ணப் போறேன்?" என்றான்.

அதன் பிறகு தினமும் நடந்தோம். இட்லியைக் குறைத்தோம், டீயில் சர்க்கரையை விட்டோம். இரண்டாம் முறை ஆதி அண்ணாமலை வரை போனேன், கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, உட்கார்ந்தேன். அப்போதும் அவன் என்னோடு உட்கார்ந்தான்.

மூன்றாம் முறை மார்கழியில், பொழுது விடியும் வேளையில் கிளம்பினோம். நான் புதிய ஷூ. அவன் வழக்கம்போல் வெறுங்கால், கால் சில்லிட்டுப் போகிறது என்று சிரித்துக்கொண்டே வந்தான். அன்று என் உடம்பு எனக்கு வசப்பட்டிருந்தது! மூச்சு சீராக வந்தது. வலி இல்லை. இன்று முடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆதி அண்ணாமலை தாண்டினோம். வாயு லிங்கம் வந்தது.

ஏழுமலை விழுந்து கும்பிட்டான். எழுந்தவன் நடக்கவில்லை. ஓரத்துத் திட்டில் உட்கார்ந்தான்.

"மாரை அடைக்கிற மாதிரி இருக்குடா. கை வேற இழுக்குது."

இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குளிரில் அவன் கழுத்தெல்லாம் வியர்வை.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். என் அப்பா சாகும் நாளில் அதே கையைத்தான் தேய்த்தார். எங்கள் வீட்டில் அதை வாயு என்றோம். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். அவர் அதைக் குடித்து முடிக்கவில்லை. ஆகவே எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு யார் அறியாமல் சொல்லியிருந்தாலும் மன்னிக்கலாம்... எனக்குத் தெரியும்!

"வாயு லிங்கத்துகிட்ட வந்து உக்காந்தா வாயு புடிக்காம வேற என்னடா புடிக்கும்? எழுந்திரு. சுத்தைப் பாதியில விட்டா சாமி குத்தம்."

அவன் சிரித்தான். வலியோடு, வயிறு குலுங்கச் சிரித்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவன் உட்கார்ந்த நேரத்தை அவன் கும்பிட்ட நேரத்தோடு சேர்த்துக் கணக்கில் வராமல் செய்துவிட்டேன். அதைக்கூட நினைத்திருக்கிறேன், பாருங்கள்!

ஓர் ஆட்டோ எங்கள் பக்கத்தில் மெதுவாக நின்றது. அவருக்கு முடியவில்லை போலிருக்கிறதே, ஏறிக்கொள்கிறீர்களா என்று ஓட்டுநர் கேட்டார். வேண்டாம் என்று கையசைத்தேன். ஏழுமலை என் முகத்தைப் பார்த்தான் என்று சில நாள் தோன்றுகிறது. பார்க்கவில்லை என்று சில நாள் தோன்றுகிறது.

நான் ஏன் உட்காரவில்லை? எனக்காக இரண்டு முறை உட்கார்ந்தவனுக்காக நான் ஒரு முறை உட்கார்ந்திருக்கக் கூடாதா? அடுத்த வாரம் மறுபடியும் சுற்றியிருக்கலாமே... மலை எங்கே போய்விடப் போகிறது? ஒரு பந்து அடிக்கும் சத்தத்துக்காகவா?

ஆம். அதற்காகத்தான்.

குபேர லிங்கத்தில் அவன் விழுந்து கும்பிடவில்லை. நின்றபடி கை கூப்பினான். ஈசானிய லிங்கத்தில் கையும் கூப்பவில்லை. ராஜகோபுரத்துக்கு முன்னால் வந்ததும், முடிச்சிட்டோம்டா என்றான். ஒரு சோடா கேட்டான். வாங்கி வருவதற்குள் வாந்தி எடுத்துச் சரிந்துவிட்டான்.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் என்னிடம் கேட்டார். "வலி எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பதான் டாக்டர். கோபுரத்துகிட்ட."

நேரம் முக்கியம் என்று தெரிந்துதானே கேட்டார்? அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு புரளவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே புரண்டது.

ஏழுமலை பிழைத்துக்கொண்டான். இதயத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இனி ஓட்டம் கிடையாது, மாடிப்படி கிடையாது, மலை கிடையாது. உடனே வந்தும் இவ்வளவு சேதமா என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மனைவி சாந்தி, அண்ணாமலையார் கோயில் விபூதியை முதலில் அவனுக்கும் அடுத்து எனக்கும் பூசினாள். "சுத்தை முடிக்க வெச்சீங்களே அண்ணா, அதுக்குத்தான் சாமி உசுரைத் திருப்பிக் குடுத்திருக்காரு" என்றாள். நான் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. அன்றிலிருந்து எதற்குமே வருவதில்லை.

பிறகு நான் டென்னிஸ் ஆடப் போனேன். எப்படிப் போனாய் என்று கேட்பீர்கள்... நடந்துதான் போனேன். மலையைச் சுற்றியாயிற்று அல்லவா! திவ்யா சொன்ன சொல் தவறவில்லை; மட்டையைக் கையில் கொடுத்தாள். பிறகு ஏழுமலையே எனக்கென்று ஒரு மட்டை வாங்கிக் கொடுத்தான். நான் ஆடினா என்ன, நீ ஆடினா என்ன என்றான். அதை வைத்துத்தான் இன்றும் ஆடுகிறேன். உடம்பு பாதியாகிவிட்டது. அலுவலகத்தில் இப்போது யாரும் என்னை மாடு என்பதில்லை.

கடையைச் சாந்தி பார்த்துக்கொள்கிறாள். மாலையானால் ஏழுமலை மெல்ல நடந்து ஆடுகளத்துக்கு வந்து, மதிலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான். கைக்கு எட்டும் தூரத்தில் வரும் பந்தை எடுத்துப் போடுகிறான். நான் பலமுறை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் அவன் பிடித்துக்கொண்டிருக்கும் சாமி போய்விடுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன். அது காரணமா, சாக்கா? உங்களுக்குத் தெரிந்தால் நல்லது. எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் புதிதாக ஒருவர் சேர வந்தார். வங்கி ஊழியர், அன்றைய என்னைப் போலவே கனத்த உடம்பு. திவ்யா அவரிடமும் மலையைச் சுற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறாள். அவர் தயங்கி நின்றதைப் பார்த்து ஏழுமலை கூப்பிட்டு உட்கார வைத்தான். வாயு லிங்கத்துக் கதையைச் சொன்னான். அந்த வேடிக்கை வரும் இடத்தில் வழக்கம்போலவே சிரித்தான்.

"நான் அங்கயே உக்காந்துட்டிருப்பேன் சார். ஆட்டோகூட வந்து நின்னுச்சு, ஏறிப் போயிருப்பேன். இவன்தான் சிரிக்க வெச்சு எழுப்பி நடக்க வெச்சான்."

வங்கிக்காரர் என்னை மரியாதையோடு பார்த்தார். ஏழுமலை காலடியில் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்து, என் கையில் கொடுத்து, போடுடா என்றான்.

கோட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். பந்தை மேலே எறிந்து அடித்தேன். சரியாக உள்ளே விழுந்தது. ஏழுமலை கை தட்டினான்... இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மூச்சு வாங்க, நிறுத்திக்கொண்டான்.