பெரட்டில் முதல் ஆள்

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற நாளில் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறும். அம்பாங்கானிலிருந்து விடியலிலேயே கிளம்பி, முதல் ஆளாகச் சீட்டு எடுத்து உட்கார வைத்திருப்பேன். எங்கள் முறை வரும்போது அம்மா எழுந்திருக்க மாட்டாள். பின்னால் இருக்கிற யாரையாவது பார்த்து, "நீ போம்மா" என்பாள். அடுத்த முறையும் அப்படித்தான். ஆயாவுக்குப் பெரிய மனசு என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது பயம். அந்தப் பயம் அவளை எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும்.

அப்போது மலாயாவில், கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அங்கே விடிந்ததும் பெரட்டு. வேலையாட்கள் எல்லோரும் திடலில் வரிசையாக நிற்க, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். முன்னால் நிற்பவர்களுக்கு நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில், மேடில்லாத நல்ல மர நிரை கிடைக்கும். பிந்தி வந்தவர்களுக்கு மலைச்சரிவு, அட்டைக்கடி, அதற்கு மேல் வசவு. அதனால் முன்னால் போய் நிற்பது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அப்பா எப்போதும் முதல் ஆள். அம்மாதான் அவரை இருட்டிலேயே எழுப்பித் துரத்துவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பால் வெட்டு நின்றது. அரிசியின் முகத்தையே மறந்துவிட்டோம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். துணி கிழிந்து சாக்கைக் கட்டிக்கொண்டு அலைந்தோம்.

அப்படி இருக்கும்போது ஒரு காலை, எங்களை வேலை வாங்கும் மண்டோர் லயத்து வாசலில் நின்று கத்தினார். "அரிசி குடுக்கிறாங்க! வீட்டுக்கு ஒரு ஆம்பளை, சாக்கோட பெரட்டுக்கு வரணும்! ஆம்பளை வந்தாத்தான் அரிசி!"

அம்மா சாக்கை உதறி அப்பாவின் தோளில் போட்டாள். "பராக்குப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. தீர்ந்துடப் போவுது. ஓடிப்போய் முன்னால நில்லுங்க."

அப்பா ஓடினார். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும் பின்னால் போனாள். நானும் போனேன். திடலில் லோரிகள் நின்றன. துப்பாக்கியில் கத்தி செருகிய சிப்பாய்கள் முன்வரிசையைச் சுற்றி வளைத்து, அப்படியே லோரியில் ஏற்றினார்கள். என்ன நடக்கிறதென்று பின்வரிசைக்குப் புரிந்ததும் அவர்கள் ரப்பர் மரங்களுக்குள் சிதறி ஓடினார்கள். ஓடியவர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பித்தார்கள். முன்னால் நின்றவர்களுக்கு ஓட வழியே இல்லை.

லோரியிலிருந்து அப்பா அந்தச் சாக்கை அம்மாவை நோக்கி வீசினார். "வச்சுக்க புள்ள! அரிசி குடுத்தா நீ வாங்கிக்க!" அவர் அப்போதும் அரிசியை நம்பிக்கொண்டிருந்தார். சயாமில் ரயில் பாதை போடத்தான் ஆட்களைப் பிடித்துப் போனார்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அதே மண்டோர், அதே குரலில் வந்து கத்தினார். அரிசி. வீட்டுக்கு ஒரு ஆம்பளை. சாக்கோடு.

வீட்டில் ஆம்பளை என்றால் அண்ணன்தான். அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. தங்கைக்குப் பசியில் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும்.

"நான் பின்னாலயே நிக்கிறேம்மா. ஏதாச்சும்னா ஓடியாந்துடறேன்" என்றான் அண்ணன்.

"உங்கப்பாவுக்கும் காலு இருந்துச்சு."

அம்மா கதவைச் சாத்தி, தங்கையை மடியில் போட்டுக்கொண்டு, கதவின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். லோரி வந்தது. சிப்பாய்கள் இறங்கினார்கள். அண்ணன் கூரைக்கும் கதவுக்கும் பார்வையை ஓட்டிக்கொண்டிருந்தான். அலறல் எப்போது கிளம்பும் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். தங்கை மட்டும் "அரிசி, அரிசி" என்று முனகிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

அலறல் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். சாக்கில் அரிசி இருந்தது.

அம்மா அப்பாவின் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வருவதற்குள் அரிசி தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு சிரட்டை அரிசி கொடுத்தார். கஞ்சி காய்ச்சினோம். அதை விழுங்கத் தங்கைக்குத் தெம்பில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

மண்டோருக்கு முதல் தடவை உண்மை தெரிந்திருக்காது என்று அண்ணன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது. அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சண்டை முடிந்து துரை திரும்பி வந்தார். கூலிகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று திட்டினார். பெரட்டுக்கு எல்லோரும் போனோம். முன்வரிசையில் நிற்கத்தான் ஆளில்லை. பாதி வீடுகளில் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். அவர்களும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து நின்றார்கள். அப்பா திரும்பி வரவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் என் பொறுமை போய்விட்டது. "எண் கூப்பிடறாங்கம்மா! ஜப்பான்காரன் போயி எத்தனை காலமாச்சு? எந்திரிச்சு முன்னால போ!" என்று எல்லோர் எதிரிலும் கத்திவிட்டேன்.

அம்மா கோபப்படவில்லை. வழி கேட்பவளைப் போலத்தான் கேட்டாள்.

"முன்னால நின்ன மனுஷன் வரல. பின்னால நின்ன எனக்கும் கிடைக்கல. நான் எங்கடி நிக்கிறது?"

நர்ஸ் மிஸ்ஸி மறுபடியும் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.