வேல்விழி புருஷன்

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை ஃபேக்டரி டீ பிரேக்கில், ஒரு கையில் பேப்பர் கப்பும் வாயில் பாதி பிஸ்கட்டுமாக நின்றிருந்த பகலவனின் ஃபோனுக்கு ஒரு மெயில் வந்தது. வடக்குப்பட்டு இளஞ்சிங்கம் கால்பந்துக் கழகத்தில் ஆடும் வேல்விழியை, பெண்கள் தேசிய லீகின் முதல் டிவிஷனில் இருக்கும் ஒரு கிளப் கேட்கிறது. பழைய கிளப்பின் செயலாளர் பதிவுத் தளத்துக்குள் போய் 'விடுவிக்கிறோம்' என்று அமுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கிளப் மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடுகிறது. அதற்குள் அமுக்காவிட்டால் இந்த சீசனுக்கு அவ்வளவுதான்.

அந்தச் செயலாளர் பகலவன். அந்த வேல்விழி அவன் பொண்டாட்டி.

சந்தோஷப்பட வேண்டிய சமயம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. நல்ல புருஷன் என்றால் கப்பை வீசிவிட்டு லைனில் இருக்கிற அத்தனை பேரையும் கட்டிப்பிடித்திருப்பான். பகலவனுக்கோ வயிறு எரிந்தது. அய்யோ, அப்படி ஒரு எரிச்சல்! மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி. மெயிலை மூடினான், ஃபோனைப் பைக்குள் போட்டான், போய் பிரேக் பாகங்களுக்கு போல்ட் முடுக்க ஆரம்பித்தான்.

அவன் எரிச்சலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இந்த நாட்டில் ஆண்களுக்குத் தேசியக் கால்பந்து லீக் என்று ஒன்று 1996-இல் தொடங்கியது. பகலவன் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அதற்குப் பேரை மாற்றினார்கள். பத்தாவது படிக்கும்போது, சினிமாக்காரர்களும் கிரிக்கெட்காரர்களும் பணம் போட, விளக்கும் வெடியுமாக இன்னொரு லீக் வந்தது. கொஞ்ச காலம் ரெண்டும் ஒரே வீட்டில் ரெண்டு அடுப்பு மாதிரி எரிந்தன. பிறகு புதுசுதான் மேல்தட்டு, பழசு கீழ்த்தட்டு என்று ஆனது. கீழ்த்தட்டில் ஜெயித்து ஒரு அணி மேலே ஏறியதே 2023-இல்தான். மேலே இருப்பவன் எவ்வளவு கேவலமாகத் தோற்றாலும் கீழே இறக்குவதில்லை. இதெல்லாம் பகலவனுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். எந்த வருஷம் எந்த கிளப், யார் கோல் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான்.

அவ்வளவு தெரிந்து என்ன? பத்தொன்பது வயதில் சென்னையில் ஒரு கிளப்பின் செலக்‌ஷனுக்குப் போனான். அது ஆண்கள் லீகின் இரண்டாம் டிவிஷன் கிளப். மூன்று நாள் ஓடவிட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் சுவரில் இருபத்திரண்டு பேர் ஒட்டினார்கள். மேலிருந்து கீழாகப் படித்தான், கீழிருந்து மேலாகப் படித்தான். அவன் பேர் இல்லை. "கால் சோக்கா கீது தம்பி, ஓட்டம் பத்தாது" என்றார் பயிற்சியாளர். அடுத்த மாதம் ஒரகடத்து ஃபேக்டரியில் அப்ரண்டிஸ் சேர்ந்தான். மைதானத்தை மட்டும் விடவில்லை. லேப்டாப் முன்னால் பொறுமையாக உட்காரக்கூடிய ஒரே ஆள் அவன் என்பதால் செயலாளர் வேலையும் அவன் தலையில் விழுந்தது.

வேல்விழி மண்ணூர்க்காரி. பெண்கள் அணி ஆரம்பித்த வருஷம் ஆட வந்தாள். பழக்கம் காதலாகி, ரெண்டு வீட்டிலும் சண்டை போட்டு ஓய்ந்து கல்யாணம் ஆனது. அவளுக்குப் பென்னலூர்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஃபோன் திரையைத் துடைத்துக் கீறல் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். முதல் இரண்டு வருஷம் பகலவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் அவனைவிடக் கொஞ்சம் மட்டமாக ஆடின வரைக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

போன ஆகஸ்டில் மாநில அளவு ஆட்டம் ஒன்றை யாரோ யூடியூபில் போட்டார்கள். வேல்விழி இடது ஓரத்தில் பந்தோடு வருகிறாள், நிற்கிறாள், எதிராளியும் நிற்கிறாள், இவள் குதிகாலால் பந்தைப் பின்னுக்கு இழுத்து உள்பக்கமாக ஒரு கட் போடுகிறாள். எதிராளி தரையில். "அபாரம், இது வேல்விழிக்கே உரிய கட்!" என்று கமெண்டரிக்காரர் கத்தினார். பகலவன் அந்த வீடியோவை முப்பது தடவையாவது பார்த்திருப்பான். அவளுக்கே உரியதா? அது அவனுடைய கட். எட்டாவது படிக்கும்போது ஏரிக்கரையில் முட்டி தேய்ந்து, ரத்தம் வந்து, அவன் கண்டுபிடித்த கட். அவள் அதைப் பார்த்துப் பார்த்தே எடுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து டீக்கடையில்கூட அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டேய், வேல்விழி புருஷன் வர்றான் பாரு, அவனுக்கு ஒரு டீ போடு!" சொல்கிறவன் பாசத்தில்தான் சொல்கிறான். இவன் டீயைக் குடிக்காமலே வந்துவிடுவான்.

இப்போது இந்த மெயில். அதுவும் எப்படிப்பட்ட லீக்? எட்டு அணி. சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்று மாறி மாறி ஆட்டம். கடைசி ரெண்டு இடத்தில் நின்றால் தயவு தாட்சண்யம் இல்லாமல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். அவளைக் கேட்ட கிளப்பே அப்படிக் கீழேயிருந்து ஜெயித்து ஏறி வந்ததுதான். அவன் கனவு கண்ட ஆண்கள் லீகில்கூட இந்த ஒழுங்கு இல்லை. அதை நினைத்தால் இன்னும் எரிந்தது.

சாயங்காலம் வேல்விழி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "மாமா, பிரவீனா அக்கா ஃபோன் பண்ணிச்சு. பேப்பர் அனுப்பிட்டாங்களாம். வந்துச்சா?"

பிரவீனா அந்தக் கிளப்பின் உதவிப் பயிற்சியாளர், சென்னைப் பெண். வேல்விழியைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்டது அவர்தான்.

"வரலியே. சர்வர் படுத்துகிச்சாம்" என்றான்.

செவ்வாய்க்கிழமையும் சர்வர் படுத்தே கிடந்தது. புதன்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் லோகேஷ், பத்து வருஷக் கூட்டாளி, தொடையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"இன்னா மச்சி, மூஞ்சி இஞ்சி துன்ன மாதிரி கீது? எங்கூட்டு அம்சவல்லி சொல்லிச்சு, வேலு வெளியூர் கிளப்புக்குப் போவுதாமே? அஞ்சு மாசம் தனியா. பயமா கீதா? அங்க எவன் எப்படியோன்னு?"

பகலவன் அவன் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு லேசாகக் கொடுக்கிறான்! பொண்டாட்டியைத் தனியாக அனுப்பப் பயப்படுகிற புருஷனுக்கு இந்த பஸ்ஸில் ஐம்பது பேர் தலையாட்டுவார்கள். பொண்டாட்டியின் ஆட்டத்தைப் பார்த்து வயிறெரிகிற புருஷனை என்னவென்று சொல்வார்கள்? முன்னதில் மீசை இருக்கிறது. பின்னதில் மானமே இல்லை.

"ஆமா மச்சி. பயமாதான் கீது" என்றான்.

லோகேஷின் பொண்டாட்டி அம்சவல்லி, வேல்விழியின் லைனிலேயே வேலை செய்கிறவள். பிறகு சொல்லவா வேண்டும்? அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வேல்விழி எதிரில் உட்கார்ந்தாள். "மெய்யாலுமேவா மாமா?" என்று மட்டும் கேட்டாள். பகலவன் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ரசம் ஊற்றினாள்.

வியாழக்கிழமை அவள் பிராக்டிஸுக்குப் போகவில்லை. பகலவன் ராத்திரி தளத்தைத் திறந்து அந்தப் பொத்தானைப் பார்த்தான், மூடினான்.

வெள்ளிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் குரல் கேட்டது.

"இல்லக்கா, நான் வரல. பேப்பர் வராததும் நல்லதுக்குதான். வூட்டுக்காரரு பயப்படறாரு. நான் அங்க போனா இவரு இங்க தூங்க மாட்டாரு... அழலக்கா. சளி. வேற யாரனா எடுத்துக்கோங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு பொத்தானைக்கூட அமுக்காமல், ஒரு கெட்ட பேரும் இல்லாமல் கிடைத்துவிட்டது. நாலு நாள் எரிந்தது அணைய வேண்டும். ஒரு செருப்போடு நின்றுகொண்டு அணைகிறதா என்று பார்த்தான். அணைந்த பாடில்லை.

அவள் வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சொல்ட்டேன் மாமா, போவலன்னு. இன்ஸ்டாவும் அழிச்சிட்டேன். ஃபோன்ல லாக் எடுத்துட்டேன், எப்ப வேணாலும் பாரு." ஃபோனை அவன் கையில் வைக்க வந்தாள்.

பகலவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "வேணாம் விழி. பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன்மேல ஒரு நாளும் சந்தேகம் கெடயாது. பேப்பர் திங்கக்கெழமையே வந்துடுச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"பொறாமை."

அவளுக்குப் புரியவில்லை. "எவன் மேல?"

"உன்மேல! உன் ஆட்டத்து மேல. என் கட்ட நீ போடற, ஊரே கை தட்டுது. எனக்குப் பத்திகினு வருது. நான் போவாத எடத்துக்கு நீ போயிட்டா நான் யாரு? போதுமா?"

வேல்விழி படியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாளா நான் இன்னா தப்பு பண்ணேன்னு யோசிச்சுகினு இருந்தேன்" என்றாள். "யார்கிட்ட சிரிச்சேன், எவன் ஃபோட்டோவுக்கு லைக் போட்டேன்னு ஒண்ணொண்ணா. சூப்பர்வைசரு ஜெபகுமார் சாரு குட்மார்னிங் சொன்னா தலைய குனிஞ்சிகினு போறேன். அம்சவல்லி என்ன ஒரு மாதிரி பாக்குது. அதெல்லாம் பொய்யா?"

காலில் மிச்சமிருந்த செருப்பைப் பகலவன் கழற்றினான்.

"சந்தேகம்னா நான் நின்னுடுவேன் மாமா. கூடவே இருந்தா என்னிக்கினா போயிடும்னு நின்னுடுவேன். பொறாமைக்கு நிக்க மாட்டேன். நான் இங்க ஃபோன் துடைச்சுகினு கெடந்தா உனக்கு ஓட்டம் வந்துடுமா?" எழுந்தாள். "எடு லேப்டாப்ப."

பிரவீனாவுக்கு மறுபடி ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் கிடைத்த திட்டு வாசல் வரை கேட்டது. தளம் நிஜமாகவே இழுத்தது. கடைசி நாள் ஆயிற்றே, நாடு முழுக்க அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று முறை ஓடிபி வந்து மூன்று முறையும் செல்லாது என்றது. நாலாவது முறை ஏற்றுக்கொண்டது. நாலு நாற்பத்து மூன்றுக்கு பகலவன் அமுக்கினான். வேல்விழி அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். நன்றி சொல்லவில்லை.

"நாளைக்கு பஸ்ல லோகேஷ்கிட்ட நீயே சொல்லணும். சந்தேகம் இல்ல, பொறாமைன்னு. அம்சவல்லி காதுக்கு வரணும்" என்றாள்.

சொன்னான். லோகேஷுக்கு முதலில் புரியவில்லை. ரெண்டு தடவை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் முழுக்கச் சிரித்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் கேன்டீனில் அவன் தட்டை எடுத்துவந்தால் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மோர் வேணுமா மச்சி?" என்று கேட்பார்கள். அந்த அவமானத்தை அவன் ஒருநாளும் மறுக்கவில்லை.

வேல்விழியின் முதல் ஆட்டம் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டில் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனில் பார்த்தான். எழுபத்தோராவது நிமிஷம் அவளை ஆட இறக்கினார்கள். முதல் பந்தே இடது ஓரத்தில். வந்தாள், நின்றாள், குதிகாலால் இழுத்து கட் போட்டாள். எதிராளி விழுந்தாள். அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

"அய்யோ!" என்று அவன் வாய் கத்தியது. வயிறு குளிர்ந்தது. அது அவனுக்கே நன்றாகத் தெரிந்தது.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அரை மணியில் அவள் ஃபோன்.

"பாத்தியா மாமா?"

"பாத்தேன்."

"கம்பத்துல பட்டப்ப குளுகுளுன்னு இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லலாம். "ஆமா" என்றான்.

அவள் சிரித்தாள். நவம்பருக்கப்புறம் இன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு. பிறகு குரல் தணிந்தது. "இன்னாத்துக்கு வெளிய போச்சுன்னு எனக்குத் தெரியல. கோச்சுக்கும் தெரியல. அது உன் கட்டு, உனக்குத் தெரியும். சொல்லு."

தெரியும்தான். பந்து காலை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்துவிட்டது. பகலவன் ஃபோனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினான். அந்தப் பக்கம் யாரோ அவளை பஸ்ஸுக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"கட் போட்டதும் அடிக்காத" என்றான். "எதிராளி வுழுந்ததும் எல்லாரும் அடிச்சிடுவாங்க. இன்னும் ஒரு அடி உள்ள இழு. கோல்கீப்பரு அந்தப் பக்கம் சாஞ்சிடுவா. அப்புறம் அடி."

"சரி மாமா" என்று வைத்துவிட்டாள்.

அவன் ஃபோனைக் கீழே வைத்தான். அந்த ஒரு அடியை அவன் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இனிமேல் அதுவும் அவளுடையது.