லைட்டரில் இல்லாத கல்

இரும்பை ஒட்டவைத்தே பிள்ளைகளை ஆளாக்கியவள் வெல்டிங் அக்கா. கைநீட்டியே பழகிய புருஷன், அன்று பட்டறைக்குள் புகுந்து அவள் தலையில் பெயின்ட் கரைக்கும் தின்னரை ஊற்றி, முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"இன்னையோட உன் கதை முடிஞ்சுதுடி!"

லைட்டரின் சக்கரத்தை உருட்டினான். பொறி வரவில்லை. வெறிபிடித்து உருட்டினான், கட்டைவிரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

சக்கரம் உரசும்போது லைட்டர் கல்லிலிருந்து உதிரும் துகள்தான் காற்றுப்பட்டுப் பொறியாக எரியும். "கொளுத்திடுவேன்" என்று முந்தின இரவு அவன் கத்தியிருந்தான்; அவன் தூங்கியதுமே அவள் அந்தக் கல்லைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டிருந்தாள்.

மேசைமேல் கிடந்த சுத்தியல் அவன் தாடையில் இறங்கியது. ரத்தத்தோடு பற்கள் தெறித்தன. மடியை அவிழ்த்து, கல்லை அவன் முகத்தில் எறிந்தாள்.

"இந்தா, உன் கல்லு. பல்லோட சேத்துப் பொறுக்கிக்கோ."